ஓர் உபாத்தியாயரின் ஓராண்டு

நான் ஒரு பள்ளிக்கூட உபாத்தியாயன். சரித்திரமும் பூகோளமும் கற்பிப்பது என் தொழில். பதினெட்டு வருஷம் அந்தத் தொழிலைச் செய்த பிறகு, நாற்பத்து மூன்றாவது வயதில், ஆனி மாதத்துப் பிற்பகல் ஒன்றில், ஏழாம் வகுப்புப் பையன் ஒருவனுடைய நோட்டுப் புத்தகத்திலிருந்து ஒரு தாளைக் கிழித்தெடுத்தேன். பிறகு நடந்தவை எல்லாம் அந்தத் தாளிலிருந்து தொடங்கியவையே.

அப்போது நான் கரும்பலகையில் பருவ காலங்களைப் படம் போட்டு விளக்கிக்கொண்டிருந்தேன். பூமியின் அச்சுச் சாய்ந்திருக்கிறது. ஆகையால் சூரியன் ஆறு மாதம் வடக்கு நோக்கியும் ஆறு மாதம் தெற்கு நோக்கியும் நகர்வதுபோல் நமக்குத் தோன்றுகிறது. இதையே நம் முன்னோர் உத்தராயணம், தட்சிணாயனம் என்று சொன்னார்கள். இப்படி நான் சொல்லிக்கொண்டு போகையில், இரண்டாவது பெஞ்சியில் இருந்த பையன் தலை நிமிராமல் ஏதோ வரைந்துகொண்டிருந்தான். அருகில் சென்று பார்த்தேன். எந்தக் குழந்தையிடம் பென்சிலைக் கொடுத்தாலும் போடுகிற படந்தான்: இரண்டு மலை, அவற்றின் நடுவே பாதிச் சூரியன், ஓரத்தில் ஒரு பனைமரம். எனக்கு வந்த கோபம் அந்தக் குற்றத்துக்கு ஏற்றதன்று. பக்கத்து வகுப்பு நிசப்தமாகிவிடும்படி கத்தினேன், தாளைக் கிழித்தேன். பையன் அழவில்லை. கிழிந்த ஓரத்தை மட்டும் விரலால் தடவிப் பார்த்தான்.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்த மாதத்தில் அப்படி நிதானம் இழந்தது அது மூன்றாந் தடவை. விடியற்காலை ரயில், ஆறு வகுப்பு, கட்டுக் கட்டாய் விடைத்தாள், பதிவேடுகள், இடையிடையே கணக்கெடுப்பு, தேர்தல் வேலை என்று சுழலும் உபாத்தியாயர் எவருக்கும் இந்த நிலை புதிதன்று. உத்தியோகம் பார்க்கும் மற்றவர்களுக்குந்தான் என்ன? உடம்பு நன்றாகத்தான் இருக்கும், சம்பளமும் வந்துகொண்டிருக்கும், ஆனால் மனத்துக்குள்ளே தராசின் முள் எங்கேயோ வளைந்துபோயிருக்கும்.

மறுநாள் மாலை ரயிலில் வீடு திரும்பும்போது சட்டைப் பையில் கை விட்டேன். அந்தத் தாள் அகப்பட்டது. ஏதோ நினைவில் அதை ஜன்னலோரம் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தேன். வடமேற்கே நீலமாய் ஒரு மலைத்தொடர் தெரிந்தது. பையன் வரைந்தது அதில் எந்த மலை? என்னால் சொல்ல முடியவில்லை. பதினெட்டு வருஷம் அந்த ஜன்னலோரமாய்ப் பிரயாணம் செய்த பூகோள உபாத்தியாயருக்குத் தம் ஊர் மலை அடையாளம் தெரியவில்லை!

* * *

எங்கள் ஊர் மணவூர். சென்னையிலிருந்து அரக்கோணம் செல்லும் மின்சார ரயிலில் திருவள்ளூரைத் தாண்டிச் சில ஸ்டேஷன்கள் வந்தால் எங்கள் ஊர் வரும். அதற்கு அடுத்தது திருவாலங்காடு. நடராஜப் பெருமானின் ஐந்து சபைகளில் ரத்தின சபை அங்கேதான் இருக்கிறது. பண்டைத் தொண்டை மண்டலத்தின் 24 கோட்டங்களில் ஒன்றான மணவிற் கோட்டத்துக்குப் பெயர் கொடுத்தது எங்கள் ஊரே என்று சரித்திரக்காரர்கள் கருதுகிறார்கள். இந்தப் பெருமை எல்லாம் ரயிலில் போகிறவர்களுக்குத் தெரியாது. அவர்களுக்கு மணவூர் என்பது வண்டி அரை நிமிஷம் நிற்கும் ஓர் இடம், அவ்வளவுதான். எனக்கும் அப்படித்தான் இருந்தது என்பதைச் சொல்லிக்கொள்ள வெட்கப்படுகிறேன்.

நான் ஓராண்டு சம்பளமில்லாத விடுமுறை கேட்டு எழுதினேன். காரணம் என்ன எழுதுவது என்று இரண்டு நாள் யோசித்துக் கடைசியில் "சொந்தக் காரியம்" என்று எழுதினேன். சொந்தக் காரியம் என்னவென்றால், சென்னையில் ஒரு பழைய காமிராவை மலிவாய் வாங்கி, எங்கள் ஊரைச் சுற்றியுள்ள ஏரி, வயல், ஆறு, மலை இவற்றைப் படம் பிடிப்பது. நண்பர்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். "கல்யாணத்துக்குப் படம் எடுத்தாலாவது நாலு காசு வரும், மாஸ்டர்! மலையா காசு கொடுக்கும்?" என்றார் ஒருவர். என் மனைவி சிரிக்கவில்லை. சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நீங்க மலையைப் பாருங்க, அரிசிப் பானையை நான் பாத்துக்கறேன்" என்றாள். அந்த வாக்கியத்தில் சம்மதமும் இருந்தது, வேறொன்றும் இருந்தது. அந்த வேறொன்றை அப்போது நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஆடி பிறந்தது. முதல் மாதத்தில் நான் எடுத்த படங்கள் ஆயிரத்துக்கு மேல் இருக்கும். இந்தக் காலத்துக் காமிராவுக்குப் பிலிம் சுருள் வேண்டியதில்லை அல்லவா? ஆகவே கண்ணில் பட்டதையெல்லாம் சுட்டுத் தள்ளினேன். ராத்திரி உட்கார்ந்து பார்த்தால் ஒன்றுகூடத் தேறவில்லை. வெள்ளை வெளேரென்ற வானம், தட்டையான பூமி, இவற்றுக்கு நடுவே காற்றில் பறக்கும் புழுதி. நான் பள்ளிக்கூடத்தை விட்டு வந்தேனே ஒழிய, பள்ளிக்கூடத்தின் அவசரம் என்னை விட்டுப் போகவில்லை.

* * *

அந்தச் சமயத்தில் எனக்கு உபகாரம் செய்தவர் நூற்றைம்பது வருஷங்களுக்கு முன் நம் நாட்டில் படம் எடுத்த ஒரு வெள்ளைக்காரச் சிப்பாய். அவர் பெயர் லினியஸ் டிரைப். 1822-ல் பிறந்தவர், கம்பெனியின் சென்னைப் பட்டாளத்தில் அதிகாரி. 1850-களின் தொடக்கத்தில் விடுமுறையில் இங்கிலாந்து போயிருந்தபோதுதான் அவருக்குப் புகைப்படக் கலையில் பற்று உண்டாயிற்று. திரும்பி வந்ததும் 1854-ன் இறுதியில் ஹளேபீடு, பேலூர்க் கோயில்களைப் படம் பிடித்தார். 1856-ல் சென்னைச் சர்க்கார் அவரையே தங்கள் புகைப்படக்காரராக நியமித்தது. உத்தியோகத்துக்கு நடுவே கிடைத்த ஒரு விடுமுறை, ஒரு மனிதனுடைய உத்தியோகத்தையே மாற்றிவிட்டது பாருங்கள்!

இந்த 1856-ஆம் வருஷம் எங்கள் பக்கத்துக்கு இன்னொரு வகையிலும் முக்கியமானது. அவ்வருஷம் ஜூலை 1-ஆம் தேதியன்றுதான் தென்னிந்தியாவின் முதல் பிரயாணி ரயில், ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரையில் ஓடிற்று. ஓடும் ரயிலும், நின்று பார்க்கும் காமிராவும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் நம் நாட்டுக்கு வந்தன. நாம் முதலாவதை மட்டும் பிடித்துக்கொண்டோம் என்று எனக்குத் தோன்றுகிறது.

டிரைப் 1857 டிசம்பரில் புறப்பட்டு ஸ்ரீரங்கம், திருச்சிராப்பள்ளி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் என்று நம் நாட்டைச் சுற்றினார். பெரிய மரக் காமிராவும், மெழுகு பூசிய காகிதங்களும், ரசாயனக் குப்பிகளும் மாட்டு வண்டிகளில் ஏறிச் சென்றன. ஒரு படம் எடுப்பதற்கு வேண்டிய காகிதத்தை முன்கூட்டியே தயார் செய்ய வேண்டும். காமிராவைத் திறந்துவைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். பிறகு கழுவிப் பதப்படுத்த வேண்டும். நம் ஊர் வெயிலில் இவை எல்லாம் எளிதில் கெட்டுப்போகக்கூடியவை. ஆகவே ஒவ்வொரு படத்துக்கும் முன்னால் அவர் நன்றாய்ப் பார்த்தாக வேண்டியிருந்தது. தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்தைச் சுற்றியுள்ள கல்வெட்டை அவர் 21 படங்களாக எடுத்து, ஒன்றோடொன்று சேர்த்து, ஏறக்குறைய 19 அடி நீளமுள்ள ஒரே படமாக்கினார்!

இன்னொரு விஷயம் என்னை மிகவும் கவர்ந்தது. அக்காலத்துப் படத் தாள் நீல ஒளியை அளவுக்கு மீறி உறிஞ்சிக்கொள்ளும். அதனால் வானம் வெறும் வெள்ளையாகவே வந்துவிடும். டிரைப் என்ன செய்தார் தெரியுமா? சில படங்களில் மேகங்களைத் தம் கையாலேயே வண்ணம் தீட்டிச் சேர்த்தார். ஆடி மாதத்தில் என் படங்களிலும் வானம் வெள்ளையாய்த்தான் இருந்தது. ஆனால் என் காமிராவில் குறை எதுவும் இல்லை. குறை நான் படம் எடுத்த நேரத்தில் இருந்தது. உச்சி வெயிலில் நிழல் காலடியில் ஒடுங்கிவிடுகிறது; மேடும் பள்ளமும் ஒன்றாகிவிடுகின்றன. காலையிலும் மாலையிலும் சூரியன் தாழ்ந்திருக்கையில், ஒளி நீண்ட தூரம் காற்றைக் கடந்து வருகிறது. வழியில் நீலம் சிதறிச் சிவப்பும் மஞ்சளும் மிஞ்சுகின்றன. ஒவ்வொரு வரப்புக்கும் ஒரு நிழல் விழுகிறது. இதெல்லாம் புத்தகத்தில் இருக்கிறது. நானே வகுப்பில் சொல்லியிருக்கிறேன்.

டிரைப்பின் உத்தியோகம் நீடிக்கவில்லை. 1859-ல் சென்னைக் கவர்னராக வந்த டிரெவெல்யன் துரை, இதற்கெல்லாம் செலவு அதிகம் என்று அந்த இலாகாவையே நிறுத்தச் செய்தார். என் மனைவியின் கட்சிக்கு ஒரு கவர்னரும் உண்டு என்பதை நான் வீட்டில் சொல்லவில்லை.

அன்று முதல் ஒரு விரதம் பூண்டேன்: நாளொன்றுக்கு ஒரே படம். அதற்கு மேல் பொத்தானைத் தொடுவதில்லை. ஒரே படந்தான் என்றால், எங்கே நிற்பது, எப்போது நிற்பது, எதை விடுவது என்று யோசிக்க வேண்டியிருக்கிறது. யோசிக்கத் தொடங்கினால் உட்கார வேண்டியிருக்கிறது. உட்கார்ந்தால், அதுவரையில் இல்லாத கொக்கு ஒன்று ஏரிக்கரையில் இருப்பது தெரிகிறது.

* * *

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. வருஷத்தில் பெரும் பகுதி வெறும் மணலாய்க் கிடக்கும் கொசஸ்தலை ஆற்றில் செந்நீர் புரண்டது. இந்த ஆற்றைத் தடுத்துத்தான் 1944-ல் பூண்டியில் அணை கட்டினார்கள். தேசபக்தர் சத்தியமூர்த்தியின் பெயரை அது தாங்கி நிற்கிறது. எங்கள் பக்கத்து வெள்ளம் அங்கே தேங்கிச் சென்னைவாசிகளின் தாகத்தைத் தீர்க்கிறது. மழை நின்ற மறுநாள் காலையில் வெளியே வந்து பார்த்தேன். மாதக்கணக்காய்ப் புகைபோல் மறைத்துக்கொண்டிருந்த புழுதியையெல்லாம் மழை கழுவிவிட்டிருந்தது. வடமேற்கே மலைகள் கையால் தொட்டுவிடலாம்போல் அவ்வளவு அண்மையில் நின்றன. கடலில் வரும் கப்பற்காரர்கள் அடையாளமாய்க் கொண்ட நகரி மூக்கு என்னும் சிகரம் அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது.

ஏரிக்கரையில் ஆடு மேய்க்கும் கிழவி ஒருத்தி என்னைப் பல நாளாய்ப் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று நேரே வந்து கேட்டுவிட்டாள்.

"யார் வூட்டுக் கல்யாணத்துக்கு இந்தப் படம்?"

"கல்யாணத்துக்கு இல்லேம்மா. சும்மாத்தான். ஒரு வருஷம் சம்பளம் இல்லாம லீவு போட்டிருக்கேன்."

கிழவி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "செங்கச் சூளையிலே எம் மவனுக்கும் அப்டித்தான்" என்றாள். "மழை வந்தா லீவு. சம்பளம் இல்லை."

அவள் கேலி செய்யவில்லை, உள்ளதைச் சொன்னாள். அன்று நான் படம் எடுக்காமல் வீடு திரும்பினேன். வேலையிலிருந்து ஓய்வு என்று நாம் சொல்வது, திரும்பிப்போக வேலை உள்ளவனுக்கே கிடைக்கும் பாக்கியம். மற்றவனுக்கு அதன் பெயர் பட்டினி.

வீட்டுக்குள் நுழைந்ததும் இன்னொன்று கண்ணில் பட்டது. தையல் மெஷின் கூடத்துக்கு வந்திருந்தது. என் மனைவி இரண்டு மாதமாய் அக்கம் பக்கத்தாருக்கு ரவிக்கை தைத்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறாள். என் தகப்பனாரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போவதும் அவள். ரேஷன் கடையில் நிற்பதும் அவள். குழந்தைக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பதும் அவள். எனக்குக் கிடைத்த மன நிம்மதி, தராசின் ஒரு தட்டிலிருந்து பாரத்தை எடுத்து மற்றத் தட்டில் வைத்ததால் கிடைத்த நிம்மதி! அப்படியானால் முள் எப்படி நடுவே நிற்கும்?

சாமுவேல் போர்ன் என்று ஒருவர் இருந்தார். இங்கிலாந்தில் நாட்டிங்ஹாம் நகரத்தில் பாங்கிக் குமாஸ்தா. அந்த வேலையை உதறிவிட்டு 1863-ல் இந்தியாவுக்கு வந்து, மும்முறை இமயமலையில் யாத்திரை செய்து படங்கள் எடுத்தார். 1866-ல் மானிருங் கணவாயில் 18,600 அடி உயரத்தில் காமிராவை நிறுத்திய தீரர் அவர். இயற்கைக் காட்சிக்காக உத்தியோகத்தை விட்டவர்களின் பட்டியலில் அவருக்கு உயர்ந்த ஸ்தானம் உண்டு. ஆனால் அக்காலத்து முறையில் கண்ணாடித் தட்டில் ரசாயனத்தைப் பூசி, அது ஈரமாய் இருக்கும்போதே படம் எடுத்துக் கழுவியாக வேண்டும். ஆகவே கண்ணாடித் தட்டுகள், குப்பிகள், இருட்டுக் கூடாரம் எல்லாவற்றையும் மலையுச்சிக்குக் கொண்டுபோக வேண்டும். கொண்டுபோனவர் போர்ன் அல்லர். டஜன் கணக்கான மலை நாட்டுச் சுமையாட்கள் கொண்டுபோனார்கள். படங்களின் அடியில் போர்னின் பெயர் இருக்கிறது. சுமந்தவர்களின் பெயர்கள் இல்லை.

என் படங்களின் அடியில் யார் பெயரைப் போடுவது என்று அன்று யோசித்தேன்.

மறுநாளிலிருந்து ஏற்பாடு மாறிற்று. விடியற்காலை ஒன்றரை மணி நேரமும் மாலை ஒன்றரை மணி நேரமும் எனக்கு. மற்றப் பொழுது வீட்டுக்கு. உச்சி வேளையில் எப்படியும் நல்ல படம் விழாது என்று சாஸ்திரமே சொல்லியிருக்கிறதே! அந்த வேளையில் சாதம் வடிக்கக் கற்றுக்கொண்டேன். தகப்பனாரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போய் வரிசையில் உட்காரக் கற்றுக்கொண்டேன். ஆஸ்பத்திரி வரிசையில் உட்காருவதற்கும் ஏரிக்கரையில் கொக்குக்காக உட்காருவதற்கும் அதிக வித்தியாசம் இல்லை என்பது அனுபவத்தில் தெரிந்தது. இரண்டிலும் அவசரப்பட்டால் ஒன்றும் நடக்காது. ஆச்சரியம் என்னவென்றால், நேரம் குறைந்த பிறகே என் படங்கள் தேறத் தொடங்கின.

* * *

இந்த இடத்தில் நம்மவர் ஒருவரைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. "பத்மாவதி சரித்திரம்" எழுதிய அ. மாதவையாவைத் தமிழ் வாசகர்கள் அறிவார்கள். அவர் உப்பு இலாகாவில் நல்ல உத்தியோகத்தில் இருந்தவர். எழுத்துக்காகவே 1922-ல் முன்கூட்டி ஓய்வு பெற்று, பிறகு "பஞ்சாமிர்தம்" என்னும் பத்திரிகையை நடத்தினார். 1925-ல் சென்னைப் பல்கலைக்கழக ஸெனட் சபையில் தமிழுக்காகப் பேசி உட்கார்ந்த சிறிது நேரத்தில் உயிர் நீத்தார். அப்போது அவருடைய கடைசிப் பிள்ளை கிருஷ்ணனுக்கு வயது 13.

மா. கிருஷ்ணன் பிரஸிடென்ஸி காலேஜில் தாவர சாஸ்திரம் படித்தார், சட்டமும் படித்தார். 1942-ல் சண்டூர் சமஸ்தானத்தில் வேலைக்கு அமர்ந்தார். உபாத்தியாயராக, நீதிபதியாக, விளம்பர அதிகாரியாக, மகாராஜாவின் காரியதரிசியாகப் பல வேலைகள் பார்த்தார். 1949-ல் சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்தது. அவர் விரும்பியிருந்தால் சர்க்கார் உத்தியோகத்திலேயே தொடர்ந்திருக்கலாம். அவரோ சென்னைக்குத் திரும்பி, மாதச் சம்பளம் என்பதே இல்லாமல், எழுத்தையும் சித்திரத்தையும் புகைப்படத்தையும் நம்பி வாழத் துணிந்தார். 1950-ல் கல்கத்தா "ஸ்டேட்ஸ்மன்" பத்திரிகையில் இயற்கையைப் பற்றி எழுதத் தொடங்கியவர், 46 வருஷங்கள் விடாமல் எழுதினார். 1996 பிப்ரவரி 18-ஆம் தேதி அவர் காலமான தினத்திலும் அவருடைய கட்டுரை அப்பத்திரிகையில் வெளியாயிற்று!

காட்டிலே யானையையும் காட்டெருமையையும் அவர் எடுத்த படங்கள் எல்லாம் கறுப்பு வெள்ளைதான். வர்ணப் படம் அவருக்குப் பிடிக்காது. பல காமிராக்களின் உறுப்புக்களை ஒன்றுசேர்த்துத் தாமே அமைத்துக்கொண்ட ஒரு பளுவான யந்திரத்தை வைத்துக்கொண்டுதான் காட்டில் அலைந்தார். காட்டுக்குப் போக முடியாத நாட்களில் அவர் சும்மா இருக்கவில்லை. மயிலாப்பூரில் தம் வீட்டைச் சுற்றி வந்த காக்கை, அணில், மைனா இவற்றைக் கவனித்து எழுதினார். தமிழிலும் எழுதினார். 1970-ல் சர்க்கார் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அளித்தது.

அவர் விட்டது உத்தியோகத்தை; வேலையை அன்று. உத்தியோகத்தில் இருந்தபோது செய்ததைவிடக் கடினமான வேலையையே பிறகு செய்தார். இரண்டு வாரத்துக்கு ஒரு கட்டுரை, 46 வருஷம் என்பது சாமானிய வேலையா? ஓய்வு என்றால் ஒன்றும் செய்யாமல் இருப்பது என்று எண்ணிக்கொண்டு விடுமுறை எடுப்பவர்கள், இரண்டு மாதத்தில் சலித்துப்போய்ப் பழைய நாற்காலிக்கே ஓடி வந்துவிடுவார்கள். மனம் நிலைகொள்வதற்கு அதைக் கட்டிப்போட ஒரு முளை வேண்டும். கிருஷ்ணனுக்கு அவருடைய பத்திரிகைக் கட்டுரை. எனக்கு நாளைக்கு ஒரு படம். ஆனால் ஒன்று: கிருஷ்ணனைப்போல் ஒரேயடியாய் விட்டுவிடும் தைரியம் எனக்கு இல்லை. எல்லாருக்கும் இருக்க வேண்டும் என்று சொல்வதும் நியாயமன்று.

* * *

தை மாதத்தில் ஒரு நாள் திருத்தணிக்குச் சென்றேன். சிறு வயது முதல் கிருத்திகைதோறும் ஏறிய மலைதான். ஆண்டின் நாட்களுக்கு ஒன்றாக 365 படிகள். காமிராவையும் மூன்று கால் தாங்கியையும் நானே தூக்கிக்கொண்டு ஏறினேன். வழக்கமாய் மேலே போனதும் சந்நிதிக்கு விரைந்து, தரிசனம் முடிந்ததும் கீழே விரைவோம். அன்று தரிசனத்துக்குப் பிறகு ஓரமாய் உட்கார்ந்து கிழக்கே பார்த்தேன்.

மழையால் நிறைந்திருந்த ஏரிகள் சமவெளி முழுவதும் கண்ணாடித் துண்டுகளாய்ச் சிதறிக் கிடந்தன. ஒன்றின் உபரி நீர் அடுத்ததற்குப் போகும்படி நம் முன்னோர் வெட்டிய ஏரிச் சங்கிலி இது என்று சரித்திர வகுப்பில் ஆண்டுதோறும் சொல்லுவேன். சங்கிலியை அன்றுதான் கண்டேன். தென்கிழக்கே, வெயில் மங்கலில் எங்கோ, மணவூர் இருந்தது. வடக்கே ஆந்திர நாட்டு மலைகள். மொழிவாரி மாகாணங்கள் பிரிந்தபோது ஆந்திரத்தோடு போன திருத்தணி, ம. பொ. சிவஞானம் முதலியோரின் கிளர்ச்சிக்குப் பிறகு 1960 ஏப்ரல் 1-ஆம் தேதி தமிழ்நாட்டுக்குத் திரும்பி வந்தது. அந்த எல்லைக் கோட்டை நான் தேசப் படத்தில் எத்தனையோ முறை சிவப்பு மையால் வரைந்திருக்கிறேன். மேலிருந்து பார்க்கையில் கரும்பு வயலும் மாந்தோப்பும் இரண்டு பக்கமும் ஒன்றாகவே கிடந்தன.

அன்றைய ஒரே படம் அதுதான். அது சிறந்த படம் அன்று. ஆனால் அதை எடுப்பதற்கு முன் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்; அந்த இரண்டு மணி நேரமும் கைக்கடியாரத்தைப் பார்க்கவில்லை. பதினெட்டு வருஷத்தில் அப்படி நடந்தது அதுவே முதல் தடவை.

* * *

விடுமுறையின் கடைசி வாரம். மறுபடியும் ஆனி மாதம். மாலையில் ஊருக்கு வெளியே வழக்கமான வரப்பில் உட்கார்ந்திருந்தேன். ஓராண்டாக அதே இடத்திலிருந்து சூரியன் மறைவதைப் பார்த்து வந்திருக்கிறேன். மேற்கே மறைகிறது என்று சொல்கிறோமே ஒழிய, சரியாக மேற்கில் மறைவது மார்ச்சு, செப்டம்பர் மாதங்களில் சுமார் ஒவ்வொரு நாள்தான். மார்கழியில் அது மேற்கிலிருந்து 24 பாகை தெற்கே ஒதுங்கி, மலை எதுவும் இல்லாத வெட்டவெளியில் விழுந்தது. பிறகு நாளுக்கு நாள் வடக்கே நகர்ந்து, பனைமரங்களை ஒவ்வொன்றாய்க் கடந்து வந்தது. இப்போது மேற்கிலிருந்து 24 பாகை வடக்கே, மலைத்தொடரின் மேல் வந்து நின்றது.

நான் பார்த்துக்கொண்டிருக்கையிலேயே சூரியன் இரண்டு மலைகளின் நடுவே இறங்கிப் பாதியாய் நின்றது. ஓரத்தில் ஒரு பனைமரம்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தப் படத்தை நான் முன்பே பார்த்திருக்கிறேன்! எந்தக் குழந்தையும் போடுகிற படம் என்று நான் கிழித்த தாளில் இருந்தது இதுதான். அந்தப் பையன் கற்பனை செய்யவில்லை, கண்டதை வரைந்தான். வருஷத்தில் சில வாரங்கள் மட்டுமே தெரியும் காட்சியை, அது தெரியும் மாதத்திலேயே வரைந்தான். நான் கரும்பலகையில் உத்தராயணத்தை விளக்கிக்கொண்டிருந்தபோது, அவன் நோட்டுப் புத்தகத்தில் உத்தராயணத்தின் எல்லையே இருந்தது. வகுப்பில் பாடத்தைக் கவனித்தவன் அவன் ஒருவனே!

அன்றைய படத்தை எடுத்தேனா என்று நேயர்கள் கேட்கலாம். எடுத்தேன், சற்று நேரம் கழித்து. கை நடுங்கியது.

ஜூலை மாதம் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பினேன். சம்பளமில்லாத ஓராண்டின் கணக்கு இதுதான்: சேமிப்பில் பெரும் பகுதி கரைந்தது; ஒரு நகை அடகில் இருக்கிறது; தையல் மெஷின் கூடத்திலேயே இருக்கிறது, என் மனைவி அதை விடுவதாய் இல்லை. மத்தியானச் சாதம் ஞாயிற்றுக்கிழமைகளில் என் பொறுப்பு. தேறிய படங்கள் நாற்பதுக்குள். அவற்றில் ஒன்றை நல்ல தாளில் அச்சிட்டு, கீழே ஓரத்தில் என் மனைவியின் பெயரையும் எழுதிக் கூடத்தில் மாட்டியிருக்கிறேன். அவள் அதைப் பார்த்து, "நான் எங்கே எடுத்தேன்?" என்றாள். நான் சுமையாட்களின் கதையைச் சொன்னேன். "கூலியை எப்போ தரப்போறீங்க?" என்று கேட்டாள். இந்தக் கேள்விக்கு எந்தச் சரித்திரப் புத்தகத்திலும் விடை இல்லை.

விடுமுறை எடுக்கலாமா என்று இப்போது சிலர் என்னைக் கேட்கிறார்கள். எடுக்க முடிந்தவர்கள் எடுக்கலாம். ஆனால் சுமப்பவர் யார் என்று முதலில் கேட்டுவிட்டு எடுக்க வேண்டும். எடுக்க முடியாதவர்களுக்கும் ஒன்று சொல்வேன். காமிரா வேண்டாம், மலை வேண்டாம், விடுமுறைகூட வேண்டாம். மாலையில் தினமும் ஒரே இடத்தில் பத்து நிமிஷம் நின்று, சூரியன் எந்த மரத்தின் பின்னால் மறைகிறது என்று பார்த்து வாருங்கள். ஒரு மாதத்தில் மரம் மாறியிருப்பது தெரியும். உலகம் நம்மைக் கேட்காமலே ஒழுங்காய் நடந்துகொண்டிருக்கிறது என்பதைக் கண்ணால் காண்பதில் ஒரு பெரிய ஆறுதல் இருக்கிறது.

பையன் இப்போது எட்டாம் வகுப்பு. முதல் வாரத்திலேயே அவனைக் கூப்பிட்டு, கிழித்த தாளையும் என் படத்தையும் சேர்த்துக் கொடுத்தேன். "தப்பு என்னுடையது, தம்பி" என்றேன். அவன் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டான். படத்தை வெகு நேரம் பார்த்தான். கடைசியில், பெரிய மனிதர் ஒருவரின் மனம் நோகக் கூடாதே என்ற கவலையோடு, மெதுவாய்ச் சொன்னான்:

"நல்லா இருக்குது, சார். ஆனா எங்க வூட்டு மாட்டுக் கொட்டாய்கிட்ட நின்னா இன்னும் நல்லாத் தெரியும்."

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போய்ப் பார்த்தேன். அவன் சொன்னது உண்மைதான்.